கிறிஸ்மஸ் நேரத்தில் யாருக்கு என்ன வாழ்த்து சொல்வது? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், ஊரிலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்த தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஆபீஸ் மெயிலில் "மெர்ரி கிறிஸ்மஸ்" போடலாமா, "ஹேப்பி ஹாலிடேஸ்"தான் போட வேண்டுமா? "சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" என்று கார்டில் இருக்கிறதே, அது யாருக்கு? எதிர்வீட்டு ஆன்ட்டி கிறிஸ்தவரா இல்லையா என்று தெரியாமல் வாழ்த்துச் சொன்னால் தப்பாகிவிடுமா? ஊரில் இருந்தவரை இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. தெருவில் யார் வீட்டு வாசலில் ஸ்டார் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த வீட்டிலிருந்து கேக்கும் அச்சுமுறுக்கும் வரும், தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது "ஹேப்பி கிறிஸ்மஸ் அக்கா" என்றால் முடிந்தது. இங்கே அப்படியா? எதிர்வீட்டில் மங்களூர்க்காரர், மேல்மாடியில் மலையாளி, டீம் லீட் டெல்லிக்காரர், கிளையன்ட் அமெரிக்காவில், கூட வேலை பார்க்கிறவர்கள் போலந்தில்.

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள், அம்மா வழிச் சொந்தங்கள் கத்தோலிக்கர்கள், வீடு காக்ஸ் டவுன் பக்கம். டிசம்பரில் வாழ்த்து வாங்கிக்கொள்கிற ஆட்கள் நாங்கள், மற்ற பண்டிகைகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போகிற ஆட்களும் நாங்கள்தான். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

நம் ஊரில் பலகாரம் பண்டிகை வீட்டிலிருந்து வெளியே போகும், வாழ்த்து வெளியிலிருந்து பண்டிகை வீட்டுக்கு வரும். தீபாவளிக்கு எங்கள் பக்கத்து வீட்டு மாமி முறுக்கும் அதிரசமும் கொடுத்து அனுப்புவார், நாங்கள் போய் "ஹேப்பி தீபாவளி" சொல்வோம். ரம்ஜானுக்கு பிரியாணி வரும், நாங்கள் "ஈத் முபாரக்" சொல்வோம். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து தட்டுகள் கிளம்பும், அவர்கள் வந்து எங்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். யார் யாருக்கு எதைச் சொல்வது என்று யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. கொண்டாடுகிறவருக்கு அவருடைய பண்டிகையின் பெயரைச் சொல்லி வாழ்த்துவது, அவ்வளவுதான். இதில் பெயர்தான் முக்கியம். தீபாவளியன்று ஒருவரிடம் போய் "இனிய விடுமுறைக்கால வாழ்த்துகள்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? அதேதான் எங்களுக்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வாழ்த்து எல்லாப் பக்கமும் பறக்கிறது. கடையில் பில் போடுகிறவர் வாடிக்கையாளருக்குச் சொல்கிறார், வங்கி தன் கணக்குதாரர்கள் எல்லோருக்கும் கார்டு அனுப்புகிறது, கொண்டாடுகிறவர் கொண்டாடாதவருக்கும் சேர்த்தே சொல்கிறார். முகம் தெரியாத ஆளுக்குச் சொல்லும்போது அவர் எந்த மதம் என்று எப்படித் தெரியும்? அந்த இடத்தில்தான் "ஹேப்பி ஹாலிடேஸ்" பிறக்கிறது. நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங்கில் தொடங்கி ஜனவரி 1 வரை அவர்களுக்கு வரிசையாகப் பண்டிகைகள். நடுவில் யூதர்களின் எட்டு நாள் ஹனுக்கா, டிசம்பர் 25 கிறிஸ்மஸ், டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பலர் கொண்டாடும் குவான்சா. இந்தக் குவான்சா 1966இல் மௌலானா கரேங்கா என்ற பேராசிரியர் தொடங்கியது, மதப் பண்டிகை இல்லை, தங்கள் வேர்களை நினைத்துக்கொள்கிற பண்பாட்டு விழா. இத்தனையையும் ஒரே வரியில் அடக்கத்தான் அந்தப் பொது வாழ்த்து.

"சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" கார்டு மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டு வாழ்த்து அட்டைகளிலேயே அது உண்டு, 1953இல் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது வெள்ளை மாளிகை அனுப்பிய அட்டையிலும் அதுதான் இருந்தது. யாரும் அதை வாயால் சொல்வதில்லை. எழுத்துக்குத்தான் பொருந்தும், அதுவும் நிறுவனம் நிறுவனத்துக்கு அனுப்பும்போது. நண்பருக்கு அனுப்பினால் பேங்க் லெட்டர் வந்த மாதிரி இருக்கும்.

கிறிஸ்மஸ் என்ற பெயரைத் தவிர்ப்பதே கிறிஸ்துவைத் தவிர்ப்பதுதான் என்று அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் ஒரு சாராருக்கு வருத்தம், எல்லோருக்கும் மெர்ரி கிறிஸ்மஸ் என்று சொல்வது மற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் என்று இன்னொரு சாராருக்கு வருத்தம். 2005 வாக்கில் அது டிவி விவாதமாகவே முற்றிவிட்டது, இன்றும் டிசம்பர் வந்தால் கிளம்பும். அந்தச் சண்டைக்கு அவர்கள் ஊரில் காரணம் இருக்கிறது. அதை இங்கே இறக்குமதி செய்ய எந்த அவசியமும் இல்லை என்பது என் கருத்து. பெங்களூரில் ஒரு கிறிஸ்தவரிடம் போய், அவர் மனம் புண்படக்கூடாதே என்று "ஹேப்பி ஹாலிடேஸ்" சொல்கிற பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவருடைய பண்டிகையின் பெயரை அவரிடமே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தயங்காமல் கிறிஸ்மஸ் என்றே சொல்லுங்கள்.

ஆக, ஒரு ஆளுக்குச் சொல்கிறீர்களா, ஒரு கூட்டத்துக்குச் சொல்கிறீர்களா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. தெரிந்த ஒரு ஆளுக்கு என்றால் அவர் பண்டிகையின் பெயர். கலவையான கூட்டத்துக்கு என்றால் பொதுவான வாழ்த்து, அல்லது கிறிஸ்மஸையும் புத்தாண்டையும் சேர்த்த வாழ்த்து.

சேர்த்துச் சொல்வது ஏதோ சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சிட வைத்த, உலகின் முதல் கிறிஸ்மஸ் கார்டு என்று சொல்லப்படுகிற அட்டையிலேயே மெர்ரி கிறிஸ்மஸும் ஹேப்பி நியூ இயரும் ஒன்றாகத்தான் இருந்தன. நம் அப்பார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. "கொண்டாடும் அனைவருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துகள், எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்" என்று போட்டுப் பாருங்கள். கிறிஸ்தவருக்குத் தன் பண்டிகை சொல்லப்பட்டது என்ற நிறைவு இருக்கும், மற்றவருக்கும் அந்த வரியில் இடம் இருக்கும்.

மெர்ரியா ஹேப்பியா என்று ரொம்ப யோசிக்காதீர்கள். மெர்ரி கிறிஸ்மஸ் என்று எழுதும் வழக்கம் 1534இல் இங்கிலாந்தில் பிஷப் ஜான் ஃபிஷர் எழுதிய ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரேடியோவில் முதல் முறையாகக் கிறிஸ்மஸ் செய்தி சொன்னபோது ஹேப்பி கிறிஸ்மஸ் என்றுதான் வாழ்த்தினார், பிரிட்டனில் இன்றும் ஹேப்பி நிறையக் கேட்கும், அமெரிக்காவில் மெர்ரிதான். தமிழ்ச் சபைகளில் நாங்கள் பெரும்பாலும் "ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றுதான் கை கொடுப்போம். எதைச் சொன்னாலும் சரி. ஒன்றே ஒன்று, வயதான கிறிஸ்தவர்களுக்கு எழுதும்போது "எக்ஸ்மஸ்" என்று சுருக்காதீர்கள். அந்த எக்ஸ் கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து, அதில் அவமரியாதை ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் கிறிஸ்துவின் பெயரை வெட்டிவிட்டார்கள் என்றே நினைக்கிற பெரியவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். ஒரு எழுத்து மிச்சம் பிடிப்பதற்காக அவர்களை ஏன் வருத்த வேண்டும்?

ஆபீஸ் மெயில்

இங்கேதான் பொது வாழ்த்துக்கு நிஜமான வேலை இருக்கிறது. அமெரிக்க கிளையன்டின் டீம் முழுவதற்கும் மெயில் போகிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்றால் "ஹேப்பி ஹாலிடேஸ்" போடுங்கள், அது அவர்கள் ஊர் நடைமுறை. அவர்கள் வீட்டுக்கு வாழ்த்து அனுப்பும்போது அவர்கள் வீட்டு வழக்கத்தையே பின்பற்றலாம். ஆனால் போன வருஷம் உங்களுக்கு "மெர்ரி கிறிஸ்மஸ்" என்று அனுப்பிய மேனேஜருக்கு நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாம். அவர் என்ன கொண்டாடுகிறார் என்று அவரே சொல்லிவிட்டாரே.

யூத நண்பர்களுக்கு ஹனுக்கா வாழ்த்து அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். அது யூத நாட்காட்டிப்படி வருவதால் வருஷா வருஷம் நகரும். 2024இல் டிசம்பர் 25 மாலைதான் தொடங்கியது, 2025இல் டிசம்பர் 14 மாலை தொடங்கி 22ஆம் தேதியே முடிந்துவிட்டது, 2026இல் டிசம்பர் 4 மாலை தொடங்கி 12இல் முடிகிறது. கிறிஸ்மஸோடு சேர்த்து 25ஆம் தேதி "ஹேப்பி ஹனுக்கா" என்று அனுப்பினால், பல வருஷங்களில் அவர்கள் பண்டிகை முடிந்தே போயிருக்கும்.

ஐரோப்பாவிலும் நாள் முக்கியம். ஜெர்மனியிலும் போலந்திலும் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய கொண்டாட்டம் 24 மாலைதான், 25, 26 இரண்டும் விடுமுறை. போலந்தில் 2025இலிருந்து 24ஆம் தேதியும் அரசு விடுமுறை. அதனால் அவர்களுக்கான வாழ்த்தை 22, 23ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் ஆர்த்தடாக்ஸ் சபையினர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு கிறிஸ்மஸ் ஜனவரி 7. உக்ரைனில் 2023இல் சட்டம் போட்டு அரசு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றிவிட்டார்கள், அந்த மாற்றத்துக்குப் பின்னால் போர் இருக்கிறது. அங்கே இருக்கிற ஒருவருக்கு ஜனவரி 7 வாழ்த்து அனுப்புவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் தலையைச் சுற்ற வைத்தால், நேராகக் கேட்டுவிடுங்கள். "உங்க ஊர்ல கிறிஸ்மஸ் எப்போ, நீங்க கொண்டாடுவீங்களா?" என்று மீட்டிங் தொடங்குவதற்கு முன் கேட்டால் கோபப்படுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்கப்புறம் அடுத்த பத்து நிமிஷம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு ஓடும்.

பெங்களூரில் யார் யார்

இந்த ஊரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவ்வளவு பேர் எப்படி என்று புதிதாக வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் படை 1809இல் இங்கே வந்து கன்டோன்மென்டை அமைத்தபோது, மெட்ராஸ் ராணுவத்தோடும் அதற்குச் சாமான் கொடுத்த வியாபாரிகளோடும் கட்டட வேலையோடும் தமிழர்கள் கூடவே வந்தார்கள். சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கமெல்லாம் தமிழ் கேட்பது அதனால்தான். கோலார் தங்கவயலிலிருந்து பின்னால் வந்து குடியேறிய குடும்பங்களும் உண்டு. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவிலும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலிலும் தமிழில் பூசை நடக்கிறது. அங்கே போனால் தமிழிலேயே வாழ்த்தலாம். "கிறிஸ்மஸ் வாழ்த்துகள் ஃபாதர்", "வாழ்த்துகள் சிஸ்டர்" என்றால் போதும். சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை "ஐயர்" என்று அழைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது, அவர் மனைவி "ஐயரம்மா". பழக்கமில்லாதவர்கள் "பாஸ்டர் ஐயா" என்று சொன்னாலும் அவர் சந்தோஷமாகவே கை கொடுப்பார்.

கன்னடக் கிறிஸ்தவர் என்றால் "கிறிஸ்மஸ் ஹப்பத ஷுபாஷயகளு" என்று சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பு சரியாக வராவிட்டால் பரவாயில்லை. இந்த ஊர் சோறு சாப்பிடுகிறோம், அவர்கள் பண்டிகையை அவர்கள் மொழியில் ஒரு வரி சொல்லலாமே. மலையாளிகளுக்கு "கிறிஸ்மஸ் ஆசம்சகள்". மங்களூர்க் கத்தோலிக்கர்கள் வீட்டில் பேசுவது கொங்கணி, அவர்கள் வீட்டுப் பண்டிகைத் தட்டுக்குக் குஸ்வார் என்று பெயர், "குஸ்வார் ரெடியா ஆன்ட்டி?" என்று கேட்டாலே அது பாதி வாழ்த்து. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் குல்குல்லும் ரோஸ் குக்கீயும் இல்லாமல் கிறிஸ்மஸ் கிடையாது. ரோஸ் குக்கீ என்றால் வேறொன்றுமில்லை, நம் அச்சுமுறுக்கேதான்.

மலையாள சிரியன் கிறிஸ்தவர்களில் பலர் டிசம்பர் 1 முதல் 25 வரை நோன்பு இருப்பார்கள், இறைச்சியும் மீனும் தொடமாட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி டீம் லன்ச்சில் அவர்களுக்குப் பிரியாணி வாங்கி வைத்துவிட்டு, "கிறிஸ்மஸ் மாசமாச்சே, சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார், ஆனால் நோன்பா என்று முன்னாலேயே கேட்டிருந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

எந்த நாளிலிருந்து சொல்வது? மால்களில் நவம்பரிலேயே மரம் வைத்துவிடுகிறார்கள், பிரிகேட் ரோட்டில் விளக்குப் போட்டுவிடுகிறார்கள், அதனால் கிறிஸ்மஸ் வந்துவிட்டது என்று தோன்றும். சபைக் கணக்கு வேறு. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் காத்திருக்கிற காலம், கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள், அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வருகிற ஞாயிறில் தொடங்கும். பூசையில் ஊதா உடை, "உன்னதங்களிலே" கீதம் பாடமாட்டார்கள், எல்லாம் 24 இரவுக்காக வைத்திருப்பது. எங்கள் பாட்டி மாதிரி ஆட்கள் 24 ராத்திரி பூசை முடிந்து வெளியே வந்த பிறகுதான் வாழ்த்தை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நடைமுறையில் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களே டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து வீடு வீடாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள், அதனால் ஊருக்குக் கிளம்புகிற ஆளிடம் 20ஆம் தேதியே "அட்வான்ஸ் ஹேப்பி கிறிஸ்மஸ்" சொல்வதில் குறையே இல்லை. 25 காலையில் போன் செய்வதாக இருந்தால் மட்டும் பத்து மணிக்கு மேல் செய்யுங்கள். கத்தோலிக்கர்கள் நள்ளிரவுப் பூசை முடித்துப் படுத்திருப்பார்கள், எங்களைப் போன்றவர்கள் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்திருப்போம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டிசம்பருக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். எல்லாக் கிறிஸ்தவ விடுமுறைக்கும் ஹேப்பி போடக்கூடாது. புனித வெள்ளி அன்று "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று படத்தோடு மெசேஜ் வருகிறது, அது இயேசு சிலுவையில் இறந்த நாள், நாங்கள் துக்கமாக இருக்கிற நாள். அன்று ஒன்றும் அனுப்ப வேண்டாம், இரண்டு நாள் கழித்து ஈஸ்டருக்கு அனுப்புங்கள்.

கொண்டாடாத கிறிஸ்தவர்களும், துக்க வீடும்

பெயரைப் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் சிலவும் சகோதரர் சபைகளில் சிலவும் டிசம்பர் 25ஐ விசேஷமாக எடுத்துக்கொள்வதில்லை, பைபிளில் அந்தத் தேதி சொல்லப்படவில்லை என்பது அவர்கள் சொல்கிற காரணம். சாமுவேல், எஸ்தர் என்றெல்லாம் பெயர் இருக்கும், வீட்டில் ஸ்டாரும் இருக்காது மரமும் இருக்காது. நீங்கள் வாழ்த்துச் சொல்லி, அவர் "நாங்க கொண்டாடறதில்லை" என்று சொன்னால் பதறாதீர்கள். "சரிங்க, புது வருஷம் நல்லா அமையட்டும்" என்று முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதை ஞாபகம் வைத்திருந்தால் அது போதும். பெயர் கிறிஸ்தவப் பெயராக இல்லாத கிறிஸ்தவர்களும் எத்தனையோ பேர். செல்வியும் முருகேசனும் எங்கள் சபையில் உண்டு.

வாழ்த்துச் சொன்னால் அந்த மதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிற நண்பர்களும் இருக்கிறார்கள், இந்துக்களிலும் முஸ்லிம்களிலும். நான் ஈத் முபாரக் சொல்லும்போது என் நம்பிக்கை மாறிவிடவில்லை, அந்த வீட்டு மனிதர்களின் சந்தோஷத்தில் பங்கெடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். ஆனாலும் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அவரைக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை. அவர் "லீவுல குடும்பத்தோட சந்தோஷமா இருங்க" என்று சொல்லலாம். அதுவும் நல்ல வார்த்தைதான். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய இடம் துக்கம் நடந்த வீடு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் முதல் கிறிஸ்மஸுக்குப் பல குடும்பங்கள் ஸ்டார் போடமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள், புதுத் துணி எடுக்கமாட்டார்கள். ஆராதனைக்கு மட்டும் போய்விட்டு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு மான்வண்டியில் தாத்தா வருகிற படத்தை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதற்காக ஒன்றுமே சொல்லாமல் ஒதுங்கியும் விடாதீர்கள். அன்றைக்குப் பார்த்து எல்லோரும் ஒதுங்கினால் அந்த வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இன்னைக்கு உங்களை நினைச்சுக்கிட்டே இருந்தேன் ஆன்ட்டி, அங்கிள் இல்லாத முதல் கிறிஸ்மஸ் இல்லையா" என்று ஒரு போன். சாயங்காலம் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர முடிந்தால் இன்னும் நல்லது. பெயர் சொல்லித் துக்கம் கேட்பதில் பயப்பட ஒன்றுமில்லை, அவர்கள் அதைப் பற்றித்தான் பேச ஆசைப்படுவார்கள்.

அப்புறம், வீட்டு வேலைக்கு வருகிற அக்காமார். இந்த ஊரில் அவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். 25ஆம் தேதி காலையில் வேலைக்கு வரவைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது "ஹேப்பி கிறிஸ்மஸ்" சொல்வதில் அர்த்தமே இல்லை. டிசம்பர் தொடக்கத்திலேயே "உங்களுக்குக் கிறிஸ்மஸ் உண்டா அக்கா?" என்று கேட்டு, உண்டு என்றால் 24 மத்தியானத்திலிருந்து லீவு கொடுத்து, இனாம் கொடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும் மாவு, சர்க்கரை வாங்குவதும் பண்டிகைக்கு முன்னால்தானே? செக்யூரிட்டி அண்ணாக்களிடமும் இதையே கேளுங்கள். தீபாவளிக்கு எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்வார்கள் சில வீட்டுக்காரர்கள். கொடுத்தது சரிதான், ஆனால் அவருடைய பண்டிகை இது.

உங்களுக்கு யாராவது "மெர்ரி கிறிஸ்மஸ்" சொன்னால், நீங்கள் கொண்டாடாதவராக இருந்தாலும், "நன்றி, உங்களுக்கும்" என்றால் முடிந்தது. அந்த ஆள் கிறிஸ்தவர் என்று தெரிந்தால் "நன்றி, உங்க வீட்டுல எல்லாருக்கும் ஹேப்பி கிறிஸ்மஸ்" என்று கொஞ்சம் நீட்டலாம். "நான் இந்து ஆச்சே" என்று விளக்கம் தரத் தேவையே இல்லை, அவர் உங்கள் மதத்தைக் கேட்கவில்லை. தட்டு வந்தால் வாங்கி வையுங்கள். முட்டை சேர்ந்த கேக் சாப்பிடமாட்டீர்கள் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம், "நாங்க முட்டை சேர்க்கறதில்ல ஆன்ட்டி, அந்த அச்சுமுறுக்கு இருந்தா குடுங்க" என்றால் தட்டு நிறைய வரும். சில வீடுகளில் அச்சுமுறுக்கிலும் முட்டை சேர்ப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

25ஆம் தேதி மறந்துவிட்டால்? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பலர் 26ஆம் தேதியோடு கிறிஸ்மஸ் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், சபைக்கு 25ஆம் தேதிதான் அது தொடங்கியிருக்கிறது. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள், அதுவரைக்கும் ஸ்டாரும் குடிலும் வீட்டில் இருக்கும், அதுவரைக்கும் வாழ்த்தும் செல்லும். டிசம்பர் 31 இரவு நாங்கள் ஆராதனையில் இருப்போம், புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு மேல்தான் போனைப் பார்ப்போம், அதனால் பதில் தாமதமானால் வருத்தப்படாதீர்கள். ஜனவரி 6உம் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் ஒரு வாரம் பொறுங்கள், பொங்கல் வருகிறது. அந்த வாழ்த்தை நாம் எல்லோருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.